குளத்து நீரை எந்தக் கணக்கில் எழுதுவது?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சிறுபோகக் கூட்டத்துக்கு, அதாவது கோடைப் பயிர்ச்செய்கைக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரே குளத்தைப் பற்றி ஒரே மேசையில் நாலு விதமான கணக்குப் பேசப்படும். கமக்காரர் அடியில் பேசுவார். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தாளில் ஏக்கர் அடி இருக்கும். குடிநீர்த் திட்டம் பற்றிப் பேசுபவர் நாளொன்றுக்கு இத்தனை கன மீற்றர் என்பார். மகாவலிப் பேச்சு எழுந்தால் மில்லியன் கன மீற்றர் வரும். வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டால் காவிரிச் செய்தியில் டி.எம்.சி. எல்லாம் தண்ணீரின் அளவுதான். ஆனால் ஒன்றை மற்றதோடு வைத்துப் பார்க்க வழியில்லாமல் ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறோம்.

இப்போது கமக்காரர் அமைப்புகள் பல, குளத்து நிலவரத்தை வட்ஸ்அப் குழுக்களிலும் அறிவிப்புப் பலகையிலும் போடுகின்றன. நல்ல வேலை. எந்த அலகில் போடுவது என்பதை மட்டும் யோசித்து முடிவெடுக்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் குளத்து இருப்புக்கு ஏக்கர் அடி. வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்குக் கியூசெக். மழை, வெள்ளம், குடிநீர் என்று வரும்போது கன மீற்றர். அடிக்கணக்கைத் தனியே எழுதி விட்டுவிடக் கூடாது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அடிக்கணக்கு

"இப்ப குளத்தில எத்தினை அடி?" வன்னியில் இதைக் கேட்காத தேநீர்க்கடை கிடையாது. துருசு, அதாவது தண்ணீர் திறக்கும் மடைப் பக்கத்தில் நிற்கும் அளவுகோலைப் பார்த்து யாரும் சொல்லிவிடலாம். படித்தவர், படிக்காதவர், சின்னப் பிள்ளை எல்லோருக்கும் புரியும். பொறியியலாளர் தேவையில்லை, கல்குலேட்டர் தேவையில்லை. நேற்று 28 அடி, இன்று 28 அடி 3 அங்குலம் என்றால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் குளம் நிரம்பி வழிந்து வான் பாயுமா பாயாதா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அந்த வேலைக்கு இது தொடர்ந்து இருக்கட்டும்.

சிக்கல் எங்கே என்றால், அடி உயரத்தைத்தான் காட்டுகிறது, தண்ணீரின் அளவைக் காட்டுவதில்லை. குளம் ஒரு மண்சட்டி மாதிரி, அடி ஒடுங்கி வாய் அகன்றது. மேலே உள்ள ஓரடியில் இருக்கும் தண்ணீரும் கீழே உள்ள ஓரடியில் இருக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவை வைத்தே பார்க்கலாம். அண்மைய புனரமைப்புக்கு முன் அதன் முழுக் கொள்ளளவு 34 அடியில் 106,500 ஏக்கர் அடி. கட்டை உயர்த்தி 36 அடியாக்கிய பிறகு 119,500. ஆக, அந்த இரண்டு அடியில் மட்டும் 13,000 ஏக்கர் அடி அடங்குகிறது. ஓரடிக்கு 6,500. ஆனால் முதல் 34 அடியையும் சராசரி பார்த்தால் ஓரடிக்கு 3,100 சொச்சம்தான் வருகிறது. மேலே உள்ள ஓரடி, சராசரி ஓரடியைப்போல் இரண்டு மடங்கு. அடிப்பகுதியோடு ஒப்பிட்டால் அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

இது தெரியாமல் என்ன நடக்கிறது? "36 அடிக்குளம், 18 அடி தண்ணீர் நிற்கிறது, பாதிக் குளம் இருக்கிறது, பாதிக் காணி விதைக்கலாம்" என்று ஒரு கணக்கு எழும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உண்மையில் பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. அதைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும். அந்தக் கணக்கை நம்பி விதைத்தால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வற்றும். கடைசிப் பங்குக்காரர், அதாவது வாய்க்காலின் வால்பக்கம் காணி வைத்திருப்பவர்தான் முதலில் அடிபடுவார்.

இன்னொன்று, ஒரு குளத்து அடியை இன்னொரு குளத்து அடியோடு ஒப்பிடவே முடியாது. மன்னாரின் கட்டுக்கரைக்குளம் பரந்து கிடக்கும் ஆழம் குறைந்த குளம். அங்கே ஓரடி இறங்கினால் பெரிய தண்ணீர் போய்விட்டது என்று பொருள். முத்தையன்கட்டில், வவுனிக்குளத்தில், அக்கராயனில் அதே ஓரடிக்கு வேறு வேறு அளவு. மாவட்டத்துக் குளங்களை வரிசையாகப் போட்டு இதில் 20 அடி, அதில் 12 அடி என்று செய்தி வரும்போது, எந்தக் குளத்தில் கூடத் தண்ணீர் இருக்கிறது என்பதற்குக்கூட அதில் பதில் இல்லை.

ஏக்கர் அடி

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் அது ஓர் ஏக்கர் அடி. 43,560 கன அடி. கன மீற்றரில் 1,233. இந்த அலகு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதைக் கையில் எடுத்தவுடனேயே வயல் தெரிகிறது. நம்மிடம் காணி ஏக்கரில். வரம்புக்குள் நிற்கும் தண்ணீர் அங்குலத்தில், அடியில். குளத்து அளவுகோலும் அடியில். இந்த மூன்றுக்கும் நடுவில் பெருக்கல் வகுத்தல் தவிர வேறெந்த மாற்றமும் வேண்டாம்.

சிறுபோகக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குளத்தில் 60,000 ஏக்கர் அடி இருக்கிறது என்று வையுங்கள். துருசுக்குக் கீழே தங்கிவிடும் தண்ணீர், வெயிலில் ஆவியாவது, ஆடு மாடு, மீன்பிடி, அடுத்த போகத்துக்குக் கையிருப்பு என்று 15,000-ஐ ஒதுக்குகிறோம். மிச்சம் 45,000. நெல்லுக்கு, வாய்க்காலில் போகும் நட்டத்தையும் சேர்த்து ஏக்கருக்கு 5 ஏக்கர் அடி தேவை என்று எடுத்தால் 9,000 ஏக்கர் விதைக்கலாம். வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சி, அதை நாலரைக்கு இறக்கினால் 10,000 ஏக்கர். அரை அடித் தண்ணீரைச் சேமித்தால் ஆயிரம் ஏக்கர் கூடுகிறது! இதைக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் எந்தக் கமக்காரருக்கும் அந்த இடத்திலேயே விளங்கும். தண்ணீரை விரயமாக்காதீர்கள் என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்த ஒரு வரி கூட வேலை செய்யும்.

இதே கணக்கை மெற்றிக்கில் போட்டால், 74 மில்லியன் கன மீற்றரில் 18.5 கழித்து, ஹெக்டேயருக்கு 15,240 கன மீற்றர் என்று வகுத்து, வந்த ஹெக்டேயரை 2.47-ஆல் பெருக்கி ஏக்கராக்க வேண்டும். விடை அதேதான். ஆனால் இடையில் மூன்று இடத்தில் பிழைவிடலாம், பிழை விட்டாலும் கண்ணில் படாது. உர மானியம் ஹெக்டேயருக்கு இவ்வளவு என்று வரும்போதே அது ஏக்கருக்கு எவ்வளவு என்று ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

பழைய ஆவணங்களும் இந்தப் பக்கம்தான். இரணைமடுவின் வேலை 1902-இல் தொடங்கியது. முதலில் அதன் கொள்ளளவு 40,000 ஏக்கர் அடி. 1950-ஐ ஒட்டி 82,000 ஆனது. 1970-களில் 106,500. இப்போது 119,500. ஒரு குளம் எப்படி வளர்ந்தது என்பதை ஒரே அலகில் நூறு ஆண்டுக்குத் தொடர்ந்து படிக்க முடிகிறது. பராக்கிரம சமுத்திரம் 109,000, சேனநாயக்க சமுத்திரம் 770,000 என்று தெற்கிலும் கிழக்கிலும் உள்ள நீர்ப்பாசனக் குளங்களோடும் அப்படியே வைத்துப் பார்க்கலாம்.

குறையும் இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடத்தில் ஏக்கர் அடி யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் நீரியல் படித்து வரும் பிள்ளைகள் கன மீற்றரில் சிந்திக்கிறார்கள். அதனால் ஏக்கர் அடிக்குப் பக்கத்திலேயே மில்லியன் கன மீற்றரையும் எழுதிவிட வேண்டும். ஒரு மில்லியன் கன மீற்றர் என்பது 811 ஏக்கர் அடி. இந்த ஓர் எண்ணை மட்டும் மனதில் வைத்திருந்தால் போதும்.

ஓடுகிற தண்ணீருக்குக் கியூசெக்

குளத்தில் நிற்பதற்கு ஒரு கணக்கு, துருசால் போவதற்கு இன்னொரு கணக்கு. செக்கனுக்கு ஒரு கன அடி போனால் அது ஒரு கியூசெக். செக்கனுக்கு ஒரு கன மீற்றர் என்றால் கியூமெக், அது 35.3 கியூசெக்.

இரண்டில் எதை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கியூசெக் 24 மணி நேரம் ஓடினால் 1.98 ஏக்கர் அடி. இரண்டு என்றே வைத்துக்கொள்ளலாம், நூற்றுக்கு ஒன்றுகூடப் பிழை வராது. ஆக, இன்று வாய்க்காலில் 200 கியூசெக் திறந்திருக்கிறது என்றால் நாளைக்கு இந்த நேரம் குளத்தில் 400 ஏக்கர் அடி குறைந்திருக்கும். ஒரு கியூசெக் விடாமல் 100 நாள் ஓடினால் 200 ஏக்கர் அடி. ஏக்கருக்கு ஐந்து என்ற கணக்கில் அது 40 ஏக்கர் நெல்லைக் காப்பாற்றும்.

வயலுக்கு இன்னும் கிட்ட வந்தால் இன்னொரு வசதி. ஒரு கியூசெக் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும். ஏறத்தாழ அல்ல, கிட்டத்தட்டத் துல்லியமாகவே. உங்கள் கிளை வாய்க்காலில் 2 கியூசெக் வருகிறது, உங்களுக்கு 3 ஏக்கர், 2 அங்குலம் கட்ட வேண்டும். மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு, அதை வாய்க்காலின் இரண்டு கியூசெக்கால் வகுத்தால் மூன்று மணி நேரம். முறைவைத்துப் பாய்ச்சும்போது எந்தப் பங்குக்காரருக்கு எத்தனை மணி நேரம் என்று பிரிக்க இதைவிட நேரான கணக்கு இல்லை. சண்டைகள் பாதி இங்கேதான் தொடங்குகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் வாய்க்காலில் எத்தனை கியூசெக் போகிறது என்று நீங்களே பார்க்கலாம். நேராக, ஒரே அகலமாக ஓடும் 100 அடித் துண்டு ஒன்றைப் பிடியுங்கள். இரு முனையிலும் தடி நாட்டுங்கள். ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பி மூடி, மேல்தடிக்குச் சற்று முன்னாலேயே நடு ஓட்டத்தில் விடுங்கள். வெறும் போத்தல் என்றால் காற்று தள்ளும், பாதி நிரப்பியது தண்ணீரோடு போகும். முதல் தடியைக் கடக்கும்போது கைத்தொலைபேசியில் நேரத்தைத் தொடங்கி, இரண்டாவதைக் கடக்கும்போது நிறுத்துங்கள். 50 செக்கன் ஆனால் வேகம் செக்கனுக்கு 2 அடி. மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்கி 1.7 என்று எடுக்க வேண்டும். வாய்க்கால் 6 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் குறுக்குப் பரப்பு 12 சதுர அடி. பன்னிரண்டை 1.7-ஆல் பெருக்கினால் 20 கியூசெக் சொச்சம். ஒரு நாளைக்கு 40 ஏக்கர் அடி. நாலைந்து தடவை விட்டுச் சராசரி எடுத்தால் நம்பலாம். புல் மண்டிய வாய்க்காலில் இது சரிவராது. முதலில் துப்புரவாக்க வேண்டும், அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதானே.

கன மீற்றர் வெல்லும் இடம்

மழைக்கணக்கில் மட்டும் நான் ஏக்கர் அடியை விட்டுக்கொடுக்கிறேன். வானிலைத் திணைக்களம் மழையை மில்லிமீற்றரில் சொல்கிறது. ஒரு சதுர கிலோமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் சரியாக ஆயிரம் கன மீற்றர். இவ்வளவுதான், வேறெதுவும் நினைவில் வைக்க வேண்டாம். இதை அடியிலும் ஏக்கரிலும் செய்யப் போனால் வெள்ளம் வந்து போன பிறகுதான் விடை வரும்.

இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு கொண்டுவரும் தண்ணீரின் நீரேந்து பரப்பு சுமார் 590 சதுர கிலோமீற்றர். அங்கே 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் மொத்தம் 59 மில்லியன் கன மீற்றர். காய்ந்த மண் என்றால் பெரும்பகுதியைக் குடித்துவிடும். மார்கழியில் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும், சின்னக் குளங்களும் நிரம்பியிருக்கும். பாதி ஓடிவரும் என்று வையுங்கள். 29.5 மில்லியன். குளத்தின் கடைசி இரண்டு அடியில் அடங்குவதோ 16 மில்லியன்தான். ஆக, 34 அடியில் நிற்கும் குளம் அப்படியொரு மழையை உள்வாங்காது. நிரம்பி, மிச்சம் வான் பாயத்தான் வேண்டும். அந்த 29.5 மில்லியனும் ஒரே நாளில் வந்து சேர்ந்தால் செக்கனுக்குச் சராசரி 340 கன மீற்றர், அதாவது 12,000 கியூசெக்.

2018 மார்கழி வெள்ளத்தை அனுபவித்தவர்களுக்கு இது வெறும் பள்ளிக்கூடக் கணக்கு அல்ல. இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டு, கீழே உள்ள ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. ஏன் முன்னரே திறக்கவில்லை, திறந்திருந்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைத்திருக்குமா என்று வாதம் நெடுநாள் ஓடியது. அந்த வாதத்தில் இருதரப்பும் அடியிலேயே பேசிக்கொண்டிருந்தால் முடிவு கிடைக்காது. எவ்வளவு மழை, அதில் எவ்வளவு ஓடிவரும், குளத்தில் எவ்வளவு இடம், கதவால் செக்கனுக்கு எவ்வளவு போகும் என்று நான்கையும் கன மீற்றரில் ஒரே தாளில் எழுதினால், எப்போது திறப்பது என்பதை அடுத்த மழைக்கு முன்னரே உட்கார்ந்து பேசலாம். கீழே இருக்கும் குடும்பங்களுக்கும் மேட்டுக்காணிக்காரருக்கும் அது ஒரே அளவு முக்கியம்.

மகாவலிப் பக்கமும் இதே அலகுதான். மகாவலித் திட்டத்தின் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 570 மில்லியன் கன மீற்றர் என்பார்கள். 811-ஆல் பெருக்கினால் 462,000 ஏக்கர் அடி, கிட்டத்தட்ட நாலு இரணைமடு. வடக்குக்கு மகாவலித் தண்ணீர் வரும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த மாற்றத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்பது நல்லது.

ஒரே தண்ணீருக்குப் பல எண்

அலகு எப்படி வாதத்தையே மாற்றிவிடும் என்பதற்கு யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீர் கொண்டுபோகும் பிரச்சினையைவிட நல்ல உதாரணம் இல்லை. அந்தத் திட்டத்தில் பேசப்பட்ட அளவு நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர். இதை லீற்றரில் சொன்னால் 2 கோடியே 70 இலட்சம். கேட்கவே பயமாக இருக்கும். கியூசெக்கில் சொன்னால் 11, ஒரு கிளை வாய்க்கால் ஓட்டம். ஒரு நாளைக்கு 22 ஏக்கர் அடி. ஆண்டு முழுக்க எடுத்தால் 8,000 ஏக்கர் அடி. முழுக் குளத்தில் நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. சிறுபோகத்தில் 1,600 ஏக்கர் நெல்.

இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஆனால் திட்டத்தை வேண்டுபவர் நூற்று வீதத்தைச் சொல்வார், வேண்டாம் என்பவர் லீற்றரையோ ஏக்கரையோ சொல்வார். யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் உவர்த்துக்கொண்டும் நைத்திரேற்று ஏறிக்கொண்டும் போவதால் குடிக்க நல்ல தண்ணீர் கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது. சிறுபோகத்தில் நாலில் ஒரு பங்கு காணிகூட விதைக்க முடியாத ஆண்டுகளைப் பார்த்த கமக்காரரிடமும் நியாயம் இருந்தது. இப்போது தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டது, நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவில். அதனால் அந்தச் சூடு கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆனாலும் தண்ணீர்ப் பங்கீட்டுப் பேச்சு திரும்ப வரும். வரும்போது கேட்க வேண்டியது, வரட்சியான ஆண்டில் குளத்தில் உள்ள ஏக்கர் அடியில் இது எத்தனை பங்கு என்பதைத்தான். நிறைந்த குளத்தில் 8,000 சின்ன எண். 20,000 ஏக்கர் அடியோடு நிற்கும் குளத்தில் அது ஐந்தில் இரண்டு பங்கு.

கணக்குப் போடும்போது வெயிலையும் சேர்க்க வேண்டும். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று எடுத்தால், நிரம்பிய இரணைமடுவின் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 107 ஏக்கர் அடி போகிறது. அது குடிநீர்த் திட்டம் கேட்ட அளவைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. தண்ணீர் இறங்க இறங்கப் பரப்புச் சுருங்கும், இந்த அளவும் குறையும். யாரும் கையெழுத்துப் போடாமல் போகும் தண்ணீர் இது. சிறுபோகத்தை நாள் தள்ளாமல் சித்திரையிலேயே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூற்று வீதம், டி.எம்.சி, கலன்

நூற்று வீதம் பார்க்க அழகு. படம் போட்டுக் காட்டவும் வசதி. ஆனால் முழுக் கொள்ளளவில் 20 வீதம் என்று எழுதினால், அதில் துருசுக்குக் கீழே கிடந்து வயலுக்கு வரவே முடியாத தண்ணீரும் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று தெரியாது. பாய்ச்சக்கூடிய தண்ணீரில் இத்தனை வீதம் என்று தெளிவாக எழுதினால் ஒத்துக்கொள்ளலாம்.

டி.எம்.சி நமக்கு வேண்டாம். அது நூறு கோடி கன அடி, 28.3 மில்லியன் கன மீற்றர், 22,957 ஏக்கர் அடி. காவிரி அளவு ஆறுகளுக்கும் 93.47 டி.எம்.சி கொள்ளும் மேட்டூருக்கும் அது பொருத்தம். இரணைமடு முழுக்க நிரம்பினாலே 5.2 டி.எம்.சிதான். மேட்டூர் பதினெட்டு இரணைமடு. நம் மற்றக் குளங்கள் பலவும் டி.எம்.சியில் ஒன்று, இரண்டு, அல்லது புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணாகிவிடும். செய்தி கேட்டு விளங்கிக்கொள்ளத் தெரிந்திருந்தால் போதும்.

கலனை விட்டுவிடுங்கள். பிரித்தானியக் கலன் 4.55 லீற்றர், அமெரிக்கக் கலன் 3.79. எது என்று யாரும் எழுதுவதில்லை. பவுசரில் குடிதண்ணீர் கொடுக்கும்போது லீற்றர் இருக்கிறது, அது போதும்.

பலகையில் எழுதும்போது

நாளுக்கு ஒரு வரி போதும். முதலில் அளவுகோல் காட்டும் அடி, அங்குலம். அடுத்து அதற்குரிய இருப்பு ஏக்கர் அடியில், பக்கத்தில் மில்லியன் கன மீற்றரில். அதில் பாய்ச்சக்கூடியது எவ்வளவு என்று தனியாக. பிறகு இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களில் போகும் கியூசெக், இரண்டையும் கூட்டி இரண்டால் பெருக்கிய நாள் செலவு. மழைக்காலத்தில் மட்டும் நேற்றைய மழையின் மில்லிமீற்றரையும் அதனால் வரக்கூடிய கன மீற்றரையும் சேர்த்தால் நல்லது. இதைப் பார்க்கும் ஒருவர், இருப்பை நாள் செலவால் வகுத்து இன்னும் எத்தனை நாளுக்குத் தண்ணீர் என்று தானே சொல்லிவிடுவார்.

இதற்கு ஒரு தாள் கையில் வேண்டும். எந்த அடிக்கு எத்தனை ஏக்கர் அடி என்று காட்டும் அட்டவணை. பெரிய குளங்கள் எல்லாவற்றுக்கும் நீர்ப்பாசனப் பொறியியலாளரிடம் அது இருக்கும். கமக்காரர் அமைப்பின் பெயரில் கடிதம் எழுதிக் கேளுங்கள், பிரதி எடுத்து ஒவ்வொரு வாய்க்கால் பிரதிநிதிக்கும் கொடுங்கள். கேட்கும்போதே அந்த அட்டவணை எந்த ஆண்டு அளவீட்டில் போட்டது என்பதையும் கேட்டுவிட வேண்டும். குளத்தின் அடியில் மண் சேரச் சேர, அதே அடிக்குப் பழைய அட்டவணை காட்டும் தண்ணீரைவிட உண்மையில் குறைவாகத்தான் இருக்கும். பல பத்து ஆண்டு பழைய அளவீடு என்றால், அடுத்த கோடையில் குளம் வற்றும்போது புதிதாக அளக்கச் சொல்லிச் சிறுபோகக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். குளம் காய்ந்து கிடக்கும் அந்த ஒன்றிரண்டு மாதம்தான் அதற்கு வாய்ப்பான காலம்.